கோடை மலையிலிருந்து நடந்தே இறங்கினேன்!

பெரியகுளத்தில் எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னலைத் திறந்தால் மலைதான் தெரியும். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து, அரிசி களையும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் நான் பார்த்துக் கொண்டிருப்பது அதைத்தான். அதன் உச்சந்தலையில் உட்கார்ந்திருக்கிறது கோடைக்கானல். கையை நீட்டினால் எட்டிவிடும் போலிருக்கும். போக வேண்டுமென்றால் மட்டும் பஸ் ஏறி, தேவதானப்பட்டி தாண்டிக் காட்ரோட்டுக்குப் போய், அங்கிருந்து சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். டம்டம் பாறையில் நின்று எலிவால் அருவியைப் பார்த்து, பெருமாள்மலையில் டீ குடித்து, வெள்ளி அருவியில் குரங்குக்குப் பயந்து பையை மறைத்து, ஊர் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகிவிடும். எனக்கு மலைப்பாதை பஸ் ஒத்துக்கொள்ளாது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போய், ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி, சாக்லேட் வாங்கிக்கொண்டு, மறுபடி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே திரும்புவதுதான் நான் கண்ட கோடைக்கானல்.

"அத்தை, உங்க வீட்டுக்குப் பின்னாலேயே நடைபாதை இருக்கு. நீங்க ஏன் ஊரைச் சுத்திப் போறீங்க?" என்று கேட்டவள் என் அண்ணன் மகள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெங்களூரில் வேலை. லீவு கிடைத்தால் மற்ற பெண்கள் ஊருக்கு வருவார்கள். இவள் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்காவது மலைக்குக் கிளம்பிவிடுவாள். நேபாளத்தில் அன்னபூர்ணா மலையைச் சுற்றிப் பதினைந்து நாள் நடந்திருக்கிறாள். "பழனிக்கு நடந்தாலாவது புண்ணியம். இவ எதுக்கு நடக்கிறாளோ!" என்று என் அண்ணி தலையில் அடித்துக் கொள்வாள். அதுவும் வாஸ்தவந்தான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பது நம் பக்கத்துப் பெண்களுக்குப் புதிதா என்ன? காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் காவடியோடு தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறார்கள். என் மாமியாரே செருப்பில்லாமல் பழனிக்கு நடந்தவர்தான். அதனாலோ என்னவோ, "போயிட்டு வாடி, நான் சமைச்சுக்கறேன்" என்று முதலில் சொன்னவர் அவரே!

என் கணவர்தான் தயங்கினார். காரணம் இருந்தது. 2018 மார்ச் 11-ஆம் தேதி எங்கள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள். நடக்கப் போன சின்னஞ்சிறு பெண்கள் பலர். அந்த வாரம் எங்கள் தெருவில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணன் மகளிடம் இவர் அதைச் சொன்னபோது அவள் வாதாடவில்லை. "நானும் அதுக்கப்புறம் ரொம்ப மாறிட்டேன் மாமா. புல் காஞ்சு கிடக்கிற மாசத்துல கூப்பிட்டாலும் போறதில்லை. தை மாசம் பச்சையா இருக்கும்போதே போயிட்டு வந்துடுவோம். வனத்துறையில அனுமதி வாங்காம, பாதை தெரிஞ்ச உள்ளூர் ஆள் இல்லாம காலடி வைக்க மாட்டேன்" என்றாள். இவர் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "ஏறுவது வேண்டாம். கோடைக்கு பஸ்ஸில் போய், அங்கிருந்து இறங்குங்கள்."

"இறங்கறதுதான் மாமா முழங்காலுக்குக் கஷ்டம்" என்று அவள் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

இரண்டு மாதம் எனக்குப் பயிற்சி. காலையில் ஒரு மணி நேரம் நடை. மாலையில் மொட்டைமாடிப் படியில் இருபது தடவை ஏறி இறங்க வேண்டும். கடைசி இரண்டு வாரம் முதுகில் ஐந்து கிலோ அரிசிப் பையோடு! எதிர்வீட்டு அம்மாள், "என்ன, ரேஷன் அரிசியை மாடியில பதுக்கறீங்களா?" என்று கேட்டே விட்டார்.

2020 ஜனவரி, பொங்கல் முடிந்த மறுவாரம் கிளம்பினோம். முதல் நாள் பஸ்ஸில் (எலுமிச்சம்பழத்துடன்தான்) கோடைக்கானல் போய் நாயுடுபுரத்தில் தங்கினோம். மறுநாள் விடிகாலை நாலரை மணிக்கே எழுப்பிவிட்டாள். மார்கழியை மிஞ்சிய குளிர். எனக்குக் கைவிரல் மடங்கவில்லை. அவளோ விளக்கடியில் உட்கார்ந்து, ஏதோ பூஜைக்கு உட்கார்ந்தவள் மாதிரி நிதானமாகத் தன் கால்களைக் கவனித்துக் கொண்டிருந்தாள்.

நீள நடை நடப்பவர்களுக்கு அன்றாட வேலையில் பாதி காலைப் பார்த்துக்கொள்வதுதானாம். நகத்தை ஒட்ட, ஓரங்களை வளைத்து வெட்டக் கூடாது. நேராக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல் ஷூவில் இடித்து இடித்து நகம் கறுத்துவிடும். குதிகாலிலும் சுண்டுவிரலிலும் கொப்புளம் வந்த பிறகு மருந்து தேடாமல், வருவதற்கு முன்பே பிளாஸ்திரி ஒட்டிவிட வேண்டும். ஈரச் சாக்ஸோடு நடக்கக் கூடாது. மாற்று ஜோடி கட்டாயம். எல்லாவற்றையும் எனக்கும் செய்துவிட்டாள். மணப்பெண்ணுக்கு நலங்கு வைத்ததற்குப் பிறகு என் காலை யாராவது இவ்வளவு அக்கறையாகத் தொட்டிருப்பார்களா என்பது சந்தேகம்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, கடலைமிட்டாய், உப்பும் சர்க்கரையும் தனித்தனிப் பொட்டலம், டார்ச், விசில், ஒரு கம்பு. போதாததற்கு ஒரு பழைய கறுப்புக் குடை! "மழையே இல்லையே, குடை எதுக்குடி?" என்றேன். "அது மழைக்கில்லை அத்தை, மறைப்புக்கு" என்றாள். பெண்கள் வழியில் ஒதுங்க வேண்டி வந்தால் குடையை விரித்து முன்னால் வைத்துக் கொள்ளலாமே! பாதையையும் ஓடையையும் விட்டுத் தள்ளிப் போய், குழி பறித்து மூடிவிட்டு வர வேண்டும் என்பது அவர்கள் கட்டுப்பாடு. இந்தக் குடை யோசனையை ஜவுளி எடுக்க வெளியூர் போகும் நாமும் வைத்துக் கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது.

வட்டக்கானலில் எங்களுக்கு வழி காட்டும் பையன் காத்திருந்தான். வெள்ளகவிக்காரன். இருபது வயதிருக்கும். காலில் ரப்பர் செருப்பு, கையில் ஒன்றுமில்லை. இங்கே இஸ்ரேல் நாட்டு இளைஞர்கள் நிறைய வந்து தங்குவதால் ‘குட்டி இஸ்ரேல்’ என்றே வட்டக்கானலுக்கு ஒரு பெயர். கடைப் பலகையில் அவர்கள் எழுத்துக்கூட இருக்கிறது. பக்கத்தில்தான் பாம்பாறு அருவி. லிரில் சோப்பு விளம்பரம் எடுத்ததால் அதை ‘லிரில் அருவி’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாம்பாறுதான் மலையெல்லாம் குதித்து, கீழே எங்கள் கும்பக்கரையில் அருவியாக விழுகிறது. "தண்ணி போற இடத்துக்குத்தான் நாமும் போறோம்" என்றான் பையன். தண்ணீருக்கு முழங்கால் இல்லை என்று நான் நினைத்துக் கொண்டேன்.

டால்பின் மூக்கு வரை வழி நெடுக மரவேர்கள் படிக்கட்டு போலக் குறுக்கே ஓடுகின்றன. அந்தப் பாறையின் நுனிக்கு நான் போகவில்லை. பத்தடி தள்ளி உட்கார்ந்தே பார்த்தேன். கீழே மேகம். அது விலகினால் வாழைத்தோப்பும் மாந்தோப்பும் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. அந்தக் கட்டங்களுக்குள் எங்கோ என் அடுப்படி ஜன்னல் இருக்கிறது. இத்தனை வருஷம் அங்கிருந்து இதைப் பார்த்தவள், இன்றைக்கு இங்கிருந்து அதைத் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

உல்லாசப் பயணிகள் எல்லோரும் அந்தப் பாறையோடு திரும்பிவிடுகிறார்கள். அதற்குக் கீழேதான் உண்மையான பாதை. செங்குத்து இறக்கம், உருண்டைக் கற்கள், ஒரு பக்கம் காடு, மறுபக்கம் ஒன்றுமில்லை. "பாதத்தை முழுசா வைங்க அத்தை. சின்னச் சின்ன அடியா வைங்க. கம்பை முதல்ல ஊன்றி, அப்புறம் காலை வைங்க" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே வந்தாள். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது உடம்பின் கனத்தையெல்லாம் தொடைச் சதைதான் பிரேக் மாதிரி தாங்குகிறது. அதன் பலனை அப்போது தெரிவிக்காமல் இரண்டு நாள் கழித்துத் தெரிவிக்கும்!

இந்தப் பாதைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1821-இல் வார்டு என்ற வெள்ளைக்கார அதிகாரி இந்த மலைகளை அளக்க வந்தார். மதுரையில் இருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் வரிசையாகத் தங்கள் மனிதர்களைப் பறிகொடுத்து, முதலில் சிறுமலையில் வீடு கட்டிப் பார்த்தார்கள். அங்கேயும் மலேரியா. பிறகு 1845-இல் கோடைக்கானலில் இரண்டு பங்களா கட்டினார்கள். ஊர் உண்டானதே, பிழைத்த பெண்களையும் பிள்ளைகளையும் காப்பாற்றிக் கொள்வதற்காக! 1875-இல் ரயில் வந்த பிறகும், அம்மைநாயக்கனூரில் இறங்கி, ராத்திரி முழுக்க மாட்டுவண்டியில் கிருஷ்ணமநாயக்கன் தோப்புக்கு வந்து, அங்கிருந்து இந்தப் பக்கத்து மலைவழியாகத்தான் ஏற வேண்டியிருந்தது. துரைகள் குதிரையில். துரைசானிகளும் குழந்தைகளும் டோலியிலும் நாற்காலியிலும். அவற்றைத் தோளில் சுமந்தது நம்மவர்கள். பியானோவும் இரும்புக் கட்டிலும்கூட இப்படி ஆள் தோளில் போயிருக்கும் என்று நினைத்தாலே எனக்குத் தோள் வலித்தது. மோட்டார் சாலை முடிந்தது 1914 வாக்கில்தான். அது வத்தலக்குண்டுப் பக்கமாகப் போய்விட, இந்தப் பாதையை ஊர் மறந்து போனது. வெள்ளகவிக்காரர்களால் மறக்க முடியவில்லை. அவர்களுக்கு வேறு வழி ஏது?

எதிரே மணிச்சத்தம் கேட்டது. பையன் எங்களை மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்கச் சொன்னான். பள்ளத்துப் பக்கம் ஒருபோதும் ஒதுங்கக் கூடாதாம். சுமைக் குதிரை உரசினால் தீர்ந்தது. இரு பக்கமும் மூட்டை தொங்க நான்கு குதிரைகள் ஏறி வந்தன. பின்னாலேயே ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், தலையில் கூடையோடு வெறுங்காலில் பேசிக்கொண்டே ஏறிப் போனாள். மூச்சு வாங்கவில்லை! என் ஷூவின் விலையை அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை.

பதினோரு மணி சுமாருக்கு வெள்ளகவி வந்து சேர்ந்தோம். ஊர் எல்லையில் பையன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக் கொண்டான். இந்த ஊருக்குள் யாரும் காலணி போடுவதில்லை. தெருவுக்குத் தெரு கோயில். ஊரே கோயில் என்று எண்ணம். அண்ணன் மகள் காலையில் அவ்வளவு பாடுபட்டு ஒட்டிய பிளாஸ்திரியோடு ஷூவையும் சாக்ஸையும் கழற்றினாள். நானும் கழற்றினேன். ஆஹா, அந்தக் கல் தரையின் குளிர்ச்சி! ஒட்டி ஒட்டிச் சின்ன வீடுகள், முற்றத்தில் காப்பிக் கொட்டை காய்கிறது. சுற்றிலும் எலுமிச்சை, ஆரஞ்சு, மிளகு, மலைவாழை. அன்று அந்த ஊருக்கு வண்டி வரும் சாலை கிடையாது. உப்பிலிருந்து சிமெண்டு வரை எல்லாம் மனிதர் தலையிலோ குதிரை முதுகிலோ வந்தவைதான்.

பையனின் சித்தி எங்களைத் திண்ணையில் உட்கார வைத்து, வீட்டுக் காப்பிக் கொட்டையில் கருப்பட்டி போட்டுக் கடுங்காப்பி கொடுத்தார். எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தார். நான் அவரைக் கேட்டேன்.

"ஒண்ணுதேன் தங்கிச்சு. ஒம்பதாம் மாசமே பொம்பளைக கீழ எறங்கி, பெரியகுளத்துல சொந்தக்காரக வீட்டுல போயி இருந்துக்கிருவோம். எனக்கு முன்னாடியே வலி வந்துருச்சு. ஐப்பசி மழை. கம்புல போர்வையக் கட்டி டோலி. எட்டுப் பேரு மாத்தி மாத்தித் தூக்கினாக. வழுக்குற எடத்துல டோலிய நிறுத்தி, முன்னால போறவரு குத்த வச்சு உக்காந்து எறங்குவாரு. ஒவ்வொரு குலுக்கலுக்கும் உசுரு போயி உசுரு வந்துச்சுக்கா. பாதி வழியிலயே பெறந்துட்டான். கூட வந்த கெழவிதேன் தொப்புள்கொடிய அறுத்துச்சு. எனக்கு அமைஞ்சிருச்சு. எங்க நாத்தனாளுக்கு அமையலை. அடுத்த வருசம், அதே பாதை."

அவர் அழவில்லை. காப்பித் தம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு என் பிரசவம் ஞாபகம் வந்தது. ஆட்டோவில் பத்து நிமிஷம். வார்டில் மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது என்று என் அம்மாவிடம் அன்றைக்கு எவ்வளவு முணுமுணுத்தேன்! நான் அரிசி களைந்துகொண்டே மலையைப் பார்த்த எத்தனையோ காலை வேளைகளில், அதே மலையில் யாரையாவது டோலியில் இறக்கிக் கொண்டிருந்திருப்பார்கள். அண்ணன் மகளும் பேசவில்லை. நேபாளத்து மலைக்கிராமத்திலும் இதே மாதிரி கேட்டதாக வெகு நேரம் கழித்துச் சொன்னாள்.

கிளம்பும்போது அந்த அம்மாள் என் பைக்குள் ஆறேழு எலுமிச்சம்பழத்தைப் போட்டார். காசு நீட்டினேன். என் கையைத் தள்ளிவிட்டார். ஊர் முடியும் வரை ஷூவைக் கையில் பிடித்தபடி நடந்தோம்.

இனிமேல் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். குடை இருந்தும் எனக்குக் கூச்சம் போகவில்லை. ஒதுங்க வேண்டி வருமே என்று, காலையிலிருந்து நான் இரண்டு வாய்த் தண்ணீருக்கு மேல் குடிக்கவே இல்லை! கல்யாண வீட்டுக்கும் பஸ் பிரயாணத்துக்கும் நாம் எல்லோரும் செய்வதுதானே? கீழே இறங்க இறங்க வெயில் ஏறியது. மேலே இருந்த ஸ்வெட்டர் குளிர் போய், புளியமரமும் முள்ளும் உள்ள எங்கள் பக்கத்துக் காய்ச்சல் வெயில் வந்துவிட்டது. இரண்டு மணி சுமாருக்குத் தலை சுற்றியது. அடுத்த அடியில் கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டு, ‘அம்மா’ என்று உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணன் மகள் என் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். நிறைந்திருந்தது. அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. "ஏன் அத்தை இப்படிப் பண்றீங்க?" என்றாள், அவ்வளவுதான். ஷூவைக் கழற்றி, முழங்காலை நீட்டி, பாதத்தை மெல்ல என் பக்கமாக மடக்கிப் பிடித்தாள். இழுப்பு விட்டது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு என்பது அவள் கணக்கு. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கில் நாம் கலந்து கொடுப்பதேதான். இரண்டு எலுமிச்சம்பழத்தையும் அதில் பிழிந்து, வாய் வாயாகக் குடிக்க வைத்தாள். அரை மணி நிழலில் படுத்திருந்தேன்.

"டோலி கட்டிரலாமாக்கா? நாலு ஆளு வரச் சொல்லவா?" என்று பையன் சிரித்தான். வேடிக்கைக்குத்தான் சொன்னான். என்னால் சிரிக்க முடியவில்லை. எழுந்து நடந்தேன்.

அதற்குப் பிறகு அவள் வாட்சைப் பார்த்து, கால் மணிக்கு ஒரு தடவை குடிக்கச் சொன்னாள். இரண்டு தடவை குடையும் விரித்தேன். ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை!

பாம்பாற்றின் இரைச்சல் கேட்க ஆரம்பித்தபோது மணி நாலரை. கும்பக்கரையில் பாறை மேல் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டோம். ஏறக்குறைய 5,000 அடி இறங்கியிருக்கிறோம் என்று கணக்குச் சொன்னாள். பஸ் சுற்றிப்போகும் அவ்வளவு தூரத்துக்கு, பாதையின் நீளம் 15 கிலோமீட்டர் அளவுதான். எனக்கு இரண்டு கால் பெருவிரல் நகமும் சிவந்திருந்தன. கொப்புளம் ஒன்றுகூட இல்லை. பையன் டீ குடித்துவிட்டு, "நான் வாரேன்" என்று எழுந்தான். எங்கே என்றேன். "வீட்டுக்குத்தேன்" என்று மலையைக் காட்டினான். இருட்டுவதற்குள் பாதியாவது ஏறிவிட வேண்டுமாம்.

இதைப் படித்துவிட்டு யாராவது கிளம்புவதாக இருந்தால் ஒரு வார்த்தை. 2018 தீ விபத்துக்குப் பிறகு காட்டுப் பாதைகளுக்கு விதிகள் கடுமையாகியிருக்கின்றன. 2024-இல் தமிழக அரசே ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளுக்கு, வழிகாட்டியுடன், இணையத்தில் முன்பதிவைத் தொடங்கியது. எந்தப் பாதை எந்த மாதம் திறந்திருக்கிறது என்று வனத்துறையிடம் கேட்காமல் போகாதீர்கள்.

என் கணவர் ஸ்கூட்டரோடு கும்பக்கரைக்கே வந்து காத்திருந்தார். "எப்படி இருந்தது?" என்றார். "தண்ணீர் குடிக்கவில்லை" என்று அண்ணன் மகள் முந்திக்கொண்டு கோள் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் மாமியார் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டு, "பழனிக்கு நடந்தப்ப எனக்கும் இங்கதான் வலிச்சது" என்று சரியாக அந்த இடத்தைத் தொட்டார்.

மறுநாள் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு மறுநாள் தொடையில் பிடித்தது பாருங்கள், மூன்று நாள் மொட்டைமாடிப் படியில் நேராக இறங்க முடியாமல், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். எதிர்வீட்டு அம்மாள் அதையும் பார்த்துவிட்டார். மிச்சமிருந்த எலுமிச்சம்பழத்தில் இரண்டை அவருக்குக் கொடுத்தேன். மற்றவற்றைப் பிழிந்து சாதம் கிளறினேன். "எந்தக் கடையில வாங்கினே, இவ்வளவு வாசனையா இருக்கே?" என்று கேட்டார்.

ஜன்னல் வழியாகக் காட்டினேன்.